பழைய பிளேட்டுக்கு யார் விலை வைத்தது?

பரணிலிருந்து கிராமபோன் பிளேட் பெட்டி இறங்குகிற வீடுகளில் இப்போது முதலில் எழுகிற கேள்வி, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதுதான். முன்பெல்லாம் இதற்குப் பழைய பேப்பர்காரர் பதில் சொல்லிவிடுவார். தராசில் வைப்பார், உடைந்த வாளியோடு சேர்த்து ஒரு தொகை சொல்வார், கோணிக்குள் தள்ளுவார். இப்போது பேரன் கைபேசியில் இரண்டு படம் எடுக்கிறான். "ஆன்டிக், மிக மிக அரிது, 80 வருடப் பழமை" என்று எழுதி, ஒரு லட்சம் ரூபாய் என்று போட்டு இணையத்தில் ஏற்றிவிடுகிறான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அது அங்கேயே இருக்கும். பெட்டி மறுபடி பரண் ஏறும். தாத்தா பெட்டியில் லட்ச ரூபாய் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் வீட்டில் தங்கிவிடும்.

தராசு விலையும் தப்பு, லட்ச ரூபாயும் தப்பு. சரியான விலையைக் கண்டுபிடிக்கிற வழியை இந்த வியாபாரத்தில் இருந்தவர்கள் பல பத்தாண்டுகளாக, தபால் மூலமாகவே கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் நம் ஊர்ச் சரக்குக்கும் பங்கு இருக்கிறது.

சரக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தக் கறுப்புத் தட்டு அரக்கில் செய்தது. நம் சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கிற அதே அரக்கு. அதோடு கல் மாவு, பஞ்சு இழை, கரி கலந்து சூட்டில் அழுத்தினால் தட்டு. உலகத்துக்கு அரக்கு அனுப்பியதில் இந்தியாதான் முதலிடம். இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்துக் கெட்டபோது, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்கு உபயோகத்தை 70 சதவீதம் குறைக்கச் சொன்னது. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று அங்கே கடைக்காரர்கள் கேட்கும் நிலை வந்தது. எத்தனையோ பாட்டுகள் அப்படி உருகிப் போயின. மிஞ்சியவற்றின் மதிப்பு ஏறியதற்கு அந்த உருக்கலும் ஒரு காரணம்.

இந்தியாவில் கதை 1902இல் தொடங்குகிறது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது தட்டில் கேட்கும். அது பெருமைக்காகச் சொன்னதல்ல என்கிறார்கள். மெழுகுத் தகடுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் ஆலைக்குப் போய்த்தான் தட்டாக வர வேண்டும். அங்கே வேலை செய்பவருக்கு இந்திப் பாட்டும் வங்காளிப் பாட்டும் ஒன்றுதான். எந்த லேபிளை எந்தத் தட்டில் ஒட்டுவது என்று தெரிய வேண்டுமே! பொருளோடு அதன் விவரமும் சேர்ந்து போக வேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கே வந்துவிட்டது. 1908இல் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்த பிறகு தட்டுகள் இங்கேயே அழுத்தப்பட்டன. பின்னர் அது டம்டம் போயிற்று. சென்னையில் 1932இல் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் தட்டுகளை விற்றது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

புதுத் தட்டுக்கு விலையைக் கம்பெனி வைத்தது. கேட்டலாக்கில் போட்டிருக்கும், கடைக்காரர் அதைச் சொல்வார், முடிந்தது. பழைய தட்டுக்கு அப்படி யாரும் இல்லை. நம் ஊரில் மூர் மார்க்கெட்தான் அந்த வேலையைச் செய்தது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில், 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கடிகாரம், பிளேட், கிளி, புறா என்று எல்லாம் ஒரே கூரைக்கடியில். அங்கே விலை என்பது தட்டில் ஒட்டியிருந்த ஒன்றல்ல, வாங்குபவர் முகத்தில் இருந்தது. ஆவலைக் காட்டினீர்களோ தொலைந்தீர்கள். தேடி வந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் வேறொன்றுக்குப் பேரம் பேசி, "சரி, இதையும் சேர்த்துக் கொடு" என்று எடுப்பதுதான் அங்கே வித்தை. கடைக்காரருக்கும் அது தெரியும். 1985 மே 30 அன்று அந்தக் கட்டடம் தீக்கிரையானது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பழைய இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது.

பேரத்தில் ஒரு வசதி இருந்தது. பொருள் கையில் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைப் பார்க்கலாம், விரலால் விளிம்பைத் தடவி விரிசல் தேடலாம். விற்பவர் பொய் சொன்னாலும் கண் சொல்லிவிடும். பொருளைப் பார்க்காமலேயே வாங்குபவருக்கு என்ன வழி?

இந்தச் சிக்கலை முதலில் அவிழ்த்தவர்கள் மேல்நாட்டு ஜாஸ் பித்தர்கள். 1930களில் அவர்களுக்குப் பழைய ஜாஸ் தட்டுகள் மீது வெறி பிடித்தது. கம்பெனிகளோ அவற்றை எப்போதோ கைவிட்டுவிட்டன. எந்தத் தட்டில் யார் வாசித்தார்கள், எந்தத் தேதியில், எந்த எண்ணில் என்பதற்கே குறிப்பில்லை. 1936இல் பாரிஸில் சார்ல் தெலோனே என்பவர் அதையெல்லாம் தொகுத்து 'ஹாட் டிஸ்காகிரபி' என்று ஒரு புத்தகம் போட்டார். எண் தெரிந்ததும் தேட முடிந்தது. தேட முடிந்ததும் வியாபாரம் வந்தது. அமெரிக்காவில் 1942இல் 'ரெக்கார்ட் சேஞ்சர்', லண்டனில் 1953இல் 'விண்டேஜ் ஜாஸ் மார்ட்' என்ற பத்திரிகைகள் கிளம்பின. இவற்றில் பக்கம் பக்கமாகத் தட்டுகளின் பட்டியல்தான். நீங்கள் பட்டியலைப் பார்த்து, எந்தத் தட்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று தபாலில் எழுதி அனுப்ப வேண்டும். குறித்த தேதிக்குள் வந்த கடிதங்களில் யார் அதிகம் சொன்னாரோ அவருக்குத் தட்டு.

கடல் தாண்டி இருக்கும் ஒருவர் உங்கள் ஒரு வரியை நம்பிப் பணம் அனுப்ப வேண்டும். அதனால் அந்த வரிக்கு ஓர் இலக்கணம் உண்டாயிற்று. 'விண்டேஜ் ஜாஸ் மார்ட்' தரவரிசை இன்றும் 78 தட்டுகளுக்கு வழக்கில் இருக்கிறது: என் என்றால் புதுசு, இ என்றால் மிக நன்று, அடுத்து வி, ஜி, எஃப், பி. நடுவில் கூட்டல் கழித்தல் குறிகள். எல்.பி. தட்டுகளுக்கு 'கோல்ட்மைன்' பத்திரிகையின் தரவரிசை பிரபலமானது. அதில் நம்மவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'குட்' என்று போட்டிருந்தால் நல்ல தட்டு என்று அர்த்தமில்லை. முள் குதிக்காமல் ஓடும், ஆனால் கரகர சத்தம் தாராளமாக இருக்கும் என்று அர்த்தம். பரீட்சையில் வாத்தியார் 'பரவாயில்லை' என்று போடுவாரே, அந்த மாதிரி. பேரன் நல்லெண்ணத்தோடு "குட் கண்டிஷன்" என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

விலையை ஏற்றுவது வயது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைக் கலைக்க பாராமவுண்ட் தட்டுகளின் கதை போதும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நாற்காலி கம்பெனி இருந்தது. கிராமபோன் பெட்டிகளுக்கு மரவேலை செய்யப் போய், பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டும் என்று பாராமவுண்ட் என்ற லேபிளைத் தொடங்கினார்கள். 1922 முதல் கறுப்பின மக்களுக்கென்று அவர்களுடைய பாடகர்களைப் பதிவு செய்து விற்றார்கள். மட்டமான அரக்குக் கலவை, புதுத் தட்டிலேயே இரைச்சல். பொருளாதார மந்தத்தில் 1930களின் தொடக்கத்திலேயே கடை மூடப்பட்டது. கோபத்தில் தொழிலாளர்கள் தட்டுகளையும் உலோக அச்சுகளையும் மில்வாக்கி ஆற்றில் வீசினார்கள் என்று ஒரு கதை உலவியது. 2006இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் முக்குளிப்பவர்களை இறக்கித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

இந்தக் கம்பெனி வெளியிட்ட ஒரு தட்டு, எண் 12950, டாமி ஜான்சன் என்ற மிசிசிப்பிப் பாடகருடையது. 2013 செப்டம்பரில் இபே தளத்தில் அது 37,100 டாலருக்குப் போயிற்று. அதற்கு முன் உலகத்தில் அறியப்பட்டிருந்தது ஒரே ஒரு பிரதி. வாங்கியவர் ஜான் டெஃப்டெல்லர் என்ற சேகரிப்பாளர். அதே வயதுள்ள, அதே நாட்டில் அழுத்திய நடனப் பாட்டுத் தட்டுகள் இன்றைக்கும் கூடை கூடையாகக் கிடக்கின்றன, கேட்பாரில்லை. அவை லட்சக்கணக்கில் விற்றவை. டாமி ஜான்சன் தட்டு அன்று விற்கவே இல்லை, அதனால்தான் இன்று இந்த விலை.

நம் பக்கம் இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 'ஹரிதாஸ்' படம் மூன்று தீபாவளி கண்டது. பாகவதர் தட்டு இல்லாத வசதியான வீடு அன்று ஏது? நன்றாக விற்றதைக் கம்பெனி மறுபடி மறுபடி அழுத்தியது. ஆகையால் பாகவதர் பாட்டின் மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் வேறு, அந்தத் தட்டின் சந்தை விலை வேறு. அதே பெட்டியின் அடியில், யாரும் கவனிக்காத ஒரு தேவதாசி மரபுப் பாடகியின் ஒரு பக்கத் தட்டு கிடக்கலாம். எச்.எம்.வி. நாய்ப் படம் இருக்காது. எழுத்தாணி பிடித்து உட்கார்ந்திருக்கும் தேவதைப் படம் இருக்கும். பின்புறம் வரி இல்லாமல் மொட்டையாக இருக்கும். இந்த மொட்டையைப் பார்த்து, "ஒரு பக்கம் தேய்ந்து போச்சு" என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இந்தக் கம்பெனியின் தொடக்க கால இந்தியத் தட்டுகள் இப்படித்தான் வந்தன. சேகரிப்பவர்கள் முதலில் கை நீட்டுவது இவற்றுக்குத்தான்.

வேடிக்கையான இன்னொன்று. மேல்நாடுகளில் 1960 வாக்கிலேயே 78 தட்டு செத்துவிட்டது. நம் நாட்டில் கிராமத்து வீடுகளில் மின்சாரம் இல்லை, சாவி கொடுக்கிற பெட்டிதான். அதனால் டம்டம் ஆலை 78 தட்டுகளைத் தொடர்ந்து அழுத்தியது. விளைவு, பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் பார்லோபோன் லேபிளில், அரக்குத் தட்டில், இந்தியாவில் வந்தன. லிவர்பூல் பையன்களின் பாட்டைச் சாவி கொடுத்துக் கேட்டது நாம்! அன்று சில ரூபாய்க்கு விற்ற அவை இப்போது வெளிநாட்டு ஏலங்களில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. இதில் எத்தனை காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இணையம் எப்படி உள்ளே வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 செப்டம்பரில் பியேர் ஒமிட்யார் என்ற கணினி நிரலாளர் கலிபோர்னியாவில் ஓர் ஏலத் தளத்தை ஆரம்பித்தார். பின்னர் இபே என்று பெயர் பெற்றது அதுதான். அதில் விற்ற முதல் பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று ஒமிட்யார் எழுதிக் கேட்டாராம். உடைந்த லேசர் சுட்டிகளைத்தான் நான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். எனக்கு இதில் பிடித்தது, உடைந்தது என்று மறைக்காமல் எழுதியதால்தான் சரியான ஆள் வந்தார் என்பது. அடுத்த வருடம் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் பகுதியைச் சேர்த்தார்கள். தபால் பட்டியல்காரர்களிடம் "இவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்று பெயர் எடுக்கப் பல வருடம் ஆயிற்று. இங்கே அது எண்ணிக்கையாகத் தெரிந்தது.

இந்தியாவில் பாஸி என்ற ஏலத் தளத்தை 2004இல் இபே வாங்கியது. பின்னர் இபே இந்தியா பிளிப்கார்ட் கைக்குப் போய் 2018இல் மூடப்பட்டது. ஓ.எல்.எக்ஸ். போன்றவை உள்ளூர் விளம்பரப் பலகைகள். நேரில் போய்ப் பார்த்து வாங்கலாம், ஏலம் கிடையாது. இசைத்தட்டுக்கென்றே இருப்பது டிஸ்காக்ஸ். 2000இல் கெவின் லெவன்டாவ்ஸ்கி என்பவர் அமெரிக்காவில் மின்னணு இசைத் தட்டுகளின் பட்டியலாகத் தொடங்கியது. தெலோனே புத்தகத்தில் செய்ததை இங்கே ஊர் உலகமே கூடிச் செய்கிறது. விற்பனைப் பகுதி பிறகு வந்தது.

இந்தத் தளங்களின் பெரிய உபகாரம், ஒரு தட்டு உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்பதைப் பார்க்க முடிவதுதான். இபேயில் 'விற்றவை' என்று பிரித்துப் பார்க்கலாம். டிஸ்காக்ஸில் குறைந்த விலை, அதிக விலை, நடு விலை என்று இருக்கும். பேரன் பார்த்தது கேட்கிற விலை. கேட்பதற்கு என்ன, யாரும் எதையும் கேட்கலாம். ஒருவர் ஒரு லட்சம் என்று போட்டதைப் பார்த்து இன்னொருவர் ஒன்றரை லட்சம் போட, அதைப் பார்த்து மூன்றாமவர் இரண்டு போட, ஒன்றுமே விற்காமல் விலை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டு வாசலில் வாங்க வந்த ஒருவர் நியாயமான தொகை சொன்னாலும், "நெட்ல லட்சம் போகுதே" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அதற்குள் அடுத்த மழை வந்து பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கிறது.

தமிழ்த் தட்டுகளுக்கு ஒரு தொல்லை உண்டு. மேல்நாட்டு ஜாஸ் போல இவற்றுக்கு முழுமையான பட்டியல் இல்லை. மைக்கேல் கின்னியர் 1899 முதல் 1908 வரையிலான கிராமபோன் கம்பெனியின் இந்தியப் பதிவுகளைத் தொகுத்து 1994இல் புத்தகம் போட்டார். 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தன் பத்திரிகை மூலம் நிறையச் சேர்த்தது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் சேகரித்தார்கள். அப்படியும் இடைவெளிகள் நிறைய. ஆகவே நீங்கள் ஒரு தட்டை விவரமாக இணையத்தில் ஏற்றினால், அது விற்றாலும் விற்காவிட்டாலும், அப்படி ஒரு தட்டு இருந்தது என்பதற்கு அந்த வரிகள் சாட்சி. "பழைய தமிழ் பாட்டு பிளேட் 12" என்று எழுதினால் அதுவும் இல்லை.

என்ன எழுதுவது? லேபிளில் இருக்கும் எண்ணை முன்னெழுத்தோடு, என் அல்லது ஜி.இ. என்று இருக்கிறபடியே எழுதுங்கள். லேபிளுக்கும் வரிகள் முடிகிற இடத்துக்கும் நடுவே கறுப்பில் பொறித்த எழுத்துகளும் எண்ணும் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து அதையும் எழுதுங்கள். ஒரே பாட்டை எத்தனையாவது முறை பதிவு செய்தார்கள் என்பது வரை அதில் தெரியும். பாடியவர், பாட்டின் முதலடி, இரண்டு பக்கத்துக்கும். நாடக செட் என்றால் மொத்தம் எத்தனை தட்டு, உங்களிடம் எத்தனை. ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுங்கள். லேபிளில் சவுண்ட் சர்வீஸ்காரரின் ரப்பர் முத்திரை இருந்தால் அதுவும் வரட்டும். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று சுற்றிய தட்டு, நன்றாகவே தேய்ந்திருக்கும் என்பதற்கு அது அத்தாட்சி.

தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றச் சொல்லித்தான் கம்பெனி 200 ஊசி உள்ள டப்பிகளை விற்றது. நம் வீடுகளில் ஒரே ஊசி பத்து பாட்டு ஓடும். மழுங்கிய ஊசி வரிகளைச் சுரண்டி, கறுப்புத் தட்டு சாம்பல் பூத்துவிடும். வீட்டில் அதிகம் விரும்பிக் கேட்ட பாட்டுதான் அதிகம் கெட்டிருக்கும். படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் தட்டின் மேல் சரிவாக விழும்படி எடுத்தால் இந்தச் சாம்பல் தெரியும். தெரியட்டும். மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, தட்டை நடுத்துளையில் விரலால் தாங்கி விளிம்பில் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தட்டு கணீரென்று சொல்லும், விரிந்த தட்டு பானை உடைந்த மாதிரி சொல்லும். மண்பானை வாங்கத் தெரிந்த நம் தலைமுறைக்கு இது கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தொடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமான் பாலிஷ் போடுபவரைக் கேளுங்கள், அவர் அரக்கைக் கரைப்பதே அதில்தான். எல்.பி. தட்டுக்குச் சொன்ன வைத்தியத்தை 78க்குச் செய்தால் பாட்டே போய்விடும். மெல்லிய துணி, கொஞ்சம் தண்ணீர், லேபிளில் படாமல். கூரியரில் அனுப்பும்போது தட்டைவிடப் பெரிய கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் மெத்தென்று இடம் விட்டுக் கட்ட வேண்டும். அரக்குத் தட்டு கண்ணாடி மாதிரி. அது உடைந்து போய்ச் சேர்ந்தால் பணம் திருப்பித் தருவது மட்டுமல்ல, அந்தப் பாட்டின் ஒரு பிரதி உலகத்தில் குறைந்துபோகும்.

தட்டோடு கிராமபோன் பெட்டியும் விற்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். பளபளவென்று பித்தளைக் குழல், ஆறு மூலை அல்லது எட்டு மூலை மரப்பெட்டி, முன்னால் நாய்ப் படம். ஓட்டல் வரவேற்பறைகளில் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டுப் பட்டறைகளில் அண்மைக் காலத்தில் செய்தவை. உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் பழசு. எங்கிருந்து வந்தது? நம் வீடுகளில் இருந்த கறுப்புச் சூட்கேஸ் மாதிரியான கைப்பெட்டிகளை உடைத்து எடுத்தது. சேகரிப்பவர்கள் இந்தக் கலவைக்கு 'கிராப்போபோன்' என்று வசைப்பெயரே வைத்திருக்கிறார்கள். இதில் பரிதாபம் என்னவென்றால், 1931இல் வந்த எச்.எம்.வி. 102 மாதிரியான அசல் கைப்பெட்டி, அழுக்கும் கிழிசலுமாக இருந்தாலும், அசல். அதன் வயிற்றைக் கிழித்துத்தான் இந்தப் போலி பிறக்கிறது. உங்கள் பரணில் அந்தச் சூட்கேஸ் இருந்தால் பாலிஷ் போடாமல் அப்படியே படம் எடுத்துப் போடுங்கள். பித்தளைக் குழல்காரர் "பழைய மெஷினுக்கு நல்ல விலை தருகிறேன்" என்று வந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டு எழுதினால் சந்தோஷத்தில் உடனே அனுப்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. கையெழுத்துச் சுவடி, ஆவணங்களுக்கு 75 ஆண்டு. தேவதைப் படம் போட்ட ஒரு பக்கத் தட்டுகளெல்லாம் நூறைக் கடந்துவிட்டன. 1920களின் தட்டுகளும் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டு, உள்நாட்டிலேயே வாங்குபவரைத் தேடுவது நல்லது.

சரியான விலை என்று ஒரு தொகையை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். எண்ணும் தரமும் தெரியாமல் தொகை சொல்வதைத்தான் இவ்வளவு நேரம் குறை கூறிக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்லலாம். விற்ற விலைகளைப் பார்த்து, உங்கள் தட்டின் தரத்தை ஒரு படி குறைவாகவே வைத்து, அந்த விலைக்குப் போடுங்கள். நல்ல தட்டு என்று நினைத்து வாங்கியவர் அதைவிட நல்ல தட்டு வந்தது என்றால் எழுதிவைப்பார், அடுத்த பெட்டிக்கு ஆள் தயார். விற்க மனமில்லாதவர்கள் எண்ணை மட்டுமாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காலத்துப் பழுப்புக் காகித உறைகளில் கடையின் பெயர், தெரு, ஊர் அச்சடித்திருக்கும். மதுரையிலோ கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ பிளேட் கடை எந்தத் தெருவில் இருந்தது என்பதற்குப் பல இடங்களில் இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே தடயம் அந்த உறைதான். அதையும் ஒரு படம் எடுத்துத் தட்டோடு சேர்த்துப் போடுங்கள்.